நாற்பத்தோராவது பாக்கெட்

கேள்வி: பி.காம். முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் எடுத்திருந்தேன். கணிதம் இல்லை. பள்ளி முழுவதும் தமிழ் வழி. இப்போது வணிகக் கணிதம் துணைப்பாடமாக வந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் நுண்கணிதம் (கால்குலஸ்). வகுப்பு ஆங்கிலத்தில் வேகமாகப் போகிறது. கணிதப் பிரிவிலிருந்து வந்தவர்கள் தலையாட்டுகிறார்கள், எனக்கு முதல் வரியிலேயே பிடி நழுவிவிடுகிறது. தீர்த்த கணக்குகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எண்ணை மாற்றிக் கேட்டுவிட்டார்கள். உள்தேர்வில் 50க்கு 11 மதிப்பெண். விடைத்தாளின் படத்தை இணைத்திருக்கிறேன். செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் பத்து வாரங்கள் இருக்கின்றன. அம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்து, நாளுக்கு 40 பாக்கெட் விற்று என்னைப் படிக்க வைக்கிறார். சி.ஏ. ஆக வேண்டும் என்பது என் ஆசை. கணிதம் இல்லாத வேறு படிப்புக்கு மாறிவிடலாமா? வணிகத்துக்கும் இந்த நுண்கணிதத்துக்கும் என்னதான் தொடர்பு?
– ஒரு மாணவி, ராஜபாளையம்

அன்புள்ள மாணவிக்கு,

மாறாதீர்கள். குறைந்தது இந்தப் பத்து வாரம் முடியும்வரை அந்த எண்ணத்தை ஒத்தி வையுங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உங்கள் விடைத்தாளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

26 ஆண்டுகள் கலைக் கல்லூரியில் வணிகக் கணிதம் நடத்தியிருக்கிறேன். விடைத்தாள் திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணைவிட, பேனா எந்த இடத்தில் தடுமாறியது என்பதைத்தான் முதலில் தேடுவேன். உங்கள் தாளில் நான்கு கணக்குகள். முதல் கணக்கில், ஒரு தொகையின் வர்க்கத்தை விரிக்க வேண்டிய இடத்தில் இரண்டு உறுப்புகளையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டியிருக்கிறீர்கள். நடுவில் வர வேண்டிய இரட்டைப் பெருக்கல் உறுப்பு காணாமல் போய்விட்டது. இரண்டாவதில் வகையிட்டது, அதாவது ஒன்று மாற மற்றொன்று எந்த வீதத்தில் மாறுகிறது என்று கண்டது, முழுவதும் சரி. அதன்பின் 48லிருந்து ஆறு மடங்கைக் கழித்தால் பூச்சியம் என்ற சமன்பாட்டுக்கு, 8 என்று வர வேண்டிய விடையை மைனஸ் 8 என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதில் மாறியான எக்ஸ் பின்னத்தின் கீழே இருக்கிறது. அதை எதிர் அடுக்காக மேலே கொண்டுவரத் தெரியாததால், கீழே இருந்ததை மட்டும் வகையிட்டுவிட்டீர்கள். நான்காவது கணக்கு ஐந்து வரி ஆங்கில உரைநடை. அதைத் தொடவே இல்லை.

மூன்று இடங்களில் சறுக்கியது எட்டு, ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம். ஓர் இடத்தில் மொழி தடுத்தது. நுண்கணிதம் என்று தனியாகச் சொல்லக்கூடிய பகுதியில், உங்கள் தாளில் ஒரு தவறுகூட இல்லை! இதைக் கவனித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. உங்களுக்கு எது வராது என்று நினைத்து வேறு படிப்புக்கு ஓடப் பார்க்கிறீர்களோ, அது உங்களுக்கு வந்திருக்கிறது. அடியில் இருக்கும் தரைதான் பெயர்ந்து கிடக்கிறது. பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்ட உங்களுக்கும் இந்த வகுப்புக்கும் நடுவே இரண்டு ஆண்டு இடைவெளி. யாராக இருந்தாலும் அந்த இரண்டு ஆண்டில் கை மறந்துவிடும்.

தரையைச் சரிசெய்வது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கான விடை உங்கள் வீட்டுக் கிரைண்டரிலேயே இருக்கிறது.

உங்கள் அம்மா நாளுக்கு 40 பாக்கெட் விற்கிறார். ஒரு மாலை பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்து, நாளையிலிருந்து தனக்கும் ஒரு பாக்கெட் வேண்டும் என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாற்பத்தோராவது பாக்கெட்டுக்கு அம்மாவுக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவாகும்? மொத்தச் செலவையோ சராசரியையோ நான் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் எவ்வளவு? நுண்கணிதத்தின் வகையீட்டுப் பகுதி முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைக்கிறது. பதினோராம் வகுப்புப் பொருளியலில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியைப் படித்திருப்பீர்கள். அங்கே வந்த ‘இறுதிநிலை’ என்ற சொல்லும் இதையேதான் குறிக்கிறது. கடைசியாகச் சேர்ந்த ஒன்றினால் எவ்வளவு கூடியது என்பதே அதன் பொருள். கல்லூரியில் மார்ஜினல் காஸ்ட் என்று சொன்னால், இறுதிநிலைச் செலவு என்று மனத்துக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்களோடு பார்ப்போம். இவை கணக்கு எளிதாக வரவேண்டும் என்று நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும் இடத்தில் நான் ப என்று எழுதுகிறேன். ப என்பது பாக்கெட்டுகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான். ஒரு நாளின் மொத்தச் செலவு இப்படி இருக்கட்டும்:

200 + 20ப + 0.1ப²

முதலில் உள்ள 200 ரூபாய், ஒரு பாக்கெட்கூட விற்காவிட்டாலும் போகிற பணம். இட வாடகையும் கிரைண்டர் தவணையும் அதில் அடங்கும். 20ப என்பது அரிசி, உளுந்து, உறை. கடைசி உறுப்பு, வேலை கூடக்கூட ஏறும் சுமை: இன்னொரு ஈடு போட வேண்டும், உதவிக்கு ஆள் வேண்டும், மீந்தால் குளிர்பெட்டியில் இடம் வேண்டும்.

40 பாக்கெட்டுக்கு 1,160 ரூபாய் ஆகும். 41 பாக்கெட்டுக்கு 1,188 ரூபாய் 10 காசு. ஆக நாற்பத்தோராவது பாக்கெட்டுக்கு 28.10. இப்போது வகையிட்டுப் பாருங்கள். 200 மாறிலி, அதனால் மறைந்துவிடும். 20பவிலிருந்து 20, 0.1ப²லிருந்து 0.2ப. வகைக்கெழு 20 + 0.2ப. பவுக்கு 40 போட்டால் 28 வருகிறது.

28.10, 28. இந்தப் பத்துக் காசு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், எல்லை என்ற பாடம் இதற்குள்தான் இருக்கிறது. பாக்கெட்டின் எண்ணிக்கையில் ஒரு சிறு கூடுதல் வருகிறது. அதைக் ‘கூ’ என்று அழைப்போம். கடைசி உறுப்பில் பவுக்குப் பதிலாக ப + கூ வைத்து வர்க்கப்படுத்தினால் ப² + 2பகூ + கூ² கிடைக்கும். பழைய ப²ஐக் கழித்து, கூவால் வகுத்து, 0.1ஆல் பெருக்கினால் 0.2ப + 0.1கூ மிஞ்சும். கூ ஒரு முழுப் பாக்கெட் என்றால் அந்தக் கடைசித் துண்டு சரியாகப் பத்துக் காசு. அரைப் பாக்கெட் என்று கற்பனை செய்தால் ஐந்து காசு. கூ சுருங்கச் சுருங்க அந்தத் துண்டு கரைந்துகொண்டே போகும், 0.2ப மட்டும் நிற்கும். அப்படி நிற்பதைத்தான் வகைக்கெழு என்கிறோம். கூவுக்கு முதலிலேயே பூச்சியம் வைத்துவிட்டால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டிய நிலை வரும். அதனால்தான் முதலில் சுருக்கிவிட்டு, பிறகு கூவைப் பூச்சியத்தை நோக்கி நகர்த்துகிறோம்.

இந்தப் படியில்தான் முதல் கணக்கில் நீங்கள் விழுந்தீர்கள். நடுவில் இருக்கும் 2பகூவைத் தொலைத்துவிட்டால் வகைக்கெழுவே பூச்சியமாகிவிடும். ஒன்பதாம் வகுப்பின் ஒரு முற்றொருமை இல்லாமல் நுண்கணிதத்தின் முதல் படிகூட ஏற முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகள், எல்லையைப் பற்றிய சிக்கலான கணக்குகளை மூன்று வாரம் நடத்திவிட்டுத்தான் நான் வகைக்கெழுவுக்கு வருவேன். அதற்குள் வணிகவியல் பிள்ளைகளில் பாதிப் பேரின் கண்கள் மங்கிவிட்டிருக்கும். அது என் தவறு. பிறகு, அடுத்த பாக்கெட், அடுத்த சட்டை, அடுத்த மூட்டை என்று தொடங்கினேன். எல்லை தானாக வந்து சேர்ந்தது.

குறியீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஒய் பை டிஎக்ஸ் என்பதில் மேலும் கீழும் இருக்கும் டி எழுத்தை அடித்துச் சுருக்குகிற மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். அந்த டி ஓர் எண் இல்லை. 1684இல் லைப்னிட்ஸ் அச்சில் கொண்டுவந்த குறி அது, வேறுபாடு என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்து. செலவில் ஏற்பட்ட மிகச் சிறு வேறுபாடு மேலே, எண்ணிக்கையில் ஏற்பட்ட மிகச் சிறு வேறுபாடு கீழே. இப்படிப் படித்தால் அடிக்கத் தோன்றாது.

இனி சராசரிக்கு வருவோம். 40 பாக்கெட்டில் சராசரிச் செலவு 1,160ஐ 40ஆல் வகுத்தால் 29 ரூபாய். அடுத்த பாக்கெட்டுக்கு ஆவது ஏறத்தாழ 28. அடுத்தது சராசரியைவிட மலிவாக இருப்பதால், அதைச் சேர்த்தால் சராசரி இறங்கும். உங்கள் மதிப்பெண் சராசரியைவிடக் குறைவாக ஒரு தேர்வில் வாங்கினால் சராசரி இறங்குகிறது அல்லவா, அதேபோல. 60 பாக்கெட் போடும்போது இறுதிநிலைச் செலவு 32 ரூபாய், சராசரி சுமார் 29.33. இங்கே அடுத்தது விலை கூடியது, சராசரி ஏறுகிறது. நடுவில், 45 பாக்கெட்டுக்குச் சற்று முன்னால், இரண்டும் சந்திக்கின்றன. சராசரி மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். சராசரிச் செலவின் சிறுமத்தில் அது இறுதிநிலைச் செலவுக்குச் சமம் என்று நிறுவச் சொல்லும் வினாவைப் பழைய வினாத்தாள்களில் பார்ப்பீர்கள். மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

விற்கும் பக்கத்தையும் சேர்ப்போம். அதிகம் விற்க வேண்டுமானால் விலையைச் சற்று இறக்க வேண்டும். ஒரு பாக்கெட்டின் விலை 50 − 0.2ப என்று வைத்துக்கொண்டால், 40 பாக்கெட் விற்கும்போது விலை 42 ரூபாய். வருவாய் என்பது விலை பெருக்கல் எண்ணிக்கை, அதாவது 50ப − 0.2ப². இறுதிநிலை வருவாய் 50 − 0.4ப. அடுத்த பாக்கெட் கொண்டுவரும் பணம் அதற்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருக்கும்வரை போட்டுக்கொண்டே போகலாம். இரண்டும் சமமாகும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். 50 − 0.4ப = 20 + 0.2ப. தீர்த்தால் ப = 50.

விடையை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். 50 பாக்கெட்டில் விலை 40, வருவாய் 2,000, செலவு 1,450, லாபம் 550 ரூபாய். 49இலும் 51இலும் லாபம் 549.70. 40இலும் 60இலும் 520. இரண்டு பக்கமும் இறங்குகிறது. லாபத்தை இரண்டாம் முறை வகையிட்டால் −0.6 வருகிறது. எதிர் எண் வந்தால் பெருமம் என்று உங்கள் குறிப்பேட்டில் ஒரு வரியாக இருப்பதன் உருவம் இதுதான், இரண்டு பக்கமும் சரியும் மேடு.

இதே எண்களில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. வருவாயை மட்டும் பெருக்க வேண்டும் என்று நினைத்து, இறுதிநிலை வருவாயைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் 125 பாக்கெட் வரும். வருவாய் 3,125 ரூபாய். செலவோ 4,262.50. தெருவிலேயே அதிகமாக மாவு விற்பவர் உங்கள் அம்மாதான், ஆனால் அன்று அவருக்கு 1,137.50 நட்டம். வியாபாரத்தில் இருப்பவர்கள் பலர் இந்தப் பள்ளத்தில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். கேள்வியில் வருவாய் என்று கேட்டிருக்கிறார்களா, லாபம் என்று கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லில் முழுக் கணக்கும் மாறிவிடுகிறது.

இந்தத் தொடர்பு பாடத்திட்டம் வகுத்தவர்கள் செயற்கையாக ஒட்டியது இல்லை. 1838இல் கூர்னோ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், கனிமநீர் ஊற்று ஒன்றுக்கு உரிமையாளரான ஒருவர் என்ன விலை வைத்தால் அதிகப் பணம் கிடைக்கும் என்று கேட்டு, வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி விடை கண்டார். உங்கள் பாடத்தின் பெருமம், சிறுமம் பகுதி அந்த வழியில் வந்தது. ஆல்பிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட பொருளியல் நூலில் கணிதத்தை அடிக்குறிப்புகளிலும் பின்னிணைப்பிலும் வைத்தார். பொருளியலைச் சொற்களாகவே படித்து வந்த உங்களுக்கு, அந்த அடிக்குறிப்புப் பகுதி இப்போதுதான் கைக்கு வருகிறது.

தொகையீட்டைப் பற்றி வகுப்பில் இன்னும் தொடங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே எல்லோரும் மதிப்பெண் இழக்கும் ஓர் இடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். தொகையிடல் என்பது வகையிடலைத் திருப்பிச் செய்வது. 20 + 0.2பவைத் தொகையிட்டால் 20ப + 0.1ப² கிடைக்கும், கூடவே ஒரு மாறிலியைச் சேர்த்து எழுத வேண்டும். புத்தகத்தில் அது கூட்டல் சி என்று இருக்கும். ‘சி போட மறக்காதே’ என்று நாங்கள் தொண்டை வறளக் கத்துவோம், பாதிப் பேர் மறப்பார்கள். அது வெறும் சடங்கு என்று நினைப்பதால்தான் மறக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கணக்கில் அந்த மாறிலி எது? 200 ரூபாய், வாடகையும் தவணையும். அடுத்தடுத்த பாக்கெட்டின் செலவை மட்டும் தெரிந்த ஒருவருக்கு, வீட்டின் வாடகை தெரிய வழியே இல்லை. தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘மாறாச் செலவு 200 எனில்’ என்று வினாவில் ஒரு துண்டு இருப்பது அதற்காகத்தான். அதைப் பார்த்தவுடன் மாறிலிக்கு விடை கிடைத்துவிட்டது என்று மகிழுங்கள். நுகர்வோர் உபரி, உற்பத்தியாளர் உபரி எல்லாம் விலைக் கோட்டுக்கும் தேவை அல்லது அளிப்புக் கோட்டுக்கும் நடுவே உள்ள பரப்பு. அவற்றை வரைபடம் இல்லாமல் தொடாதீர்கள், அவ்வளவு போதும்.

இன்னொரு குழப்பத்தையும் முன்கூட்டியே தடுத்துவிட விரும்புகிறேன். பின்னால் அடக்கவிலைக் கணக்கியலில் மார்ஜினல் காஸ்டிங் என்ற பாடம் வரும். அங்கே ஓர் அலகுக்கான மாறும் செலவையே மார்ஜினல் காஸ்ட் என்பார்கள், அது எத்தனை அலகு செய்தாலும் மாறாத ஓர் எண்ணாக இருக்கும். இங்கே படித்தது தப்போ என்று அப்போது தோன்றும். தப்பில்லை. அந்தப் பாடம் செலவுக் கோட்டை நேர்கோடாக வைத்துக்கொள்கிறது, அதாவது நம் உதாரணத்தில் 0.1ப² இல்லாமல். நேர்கோட்டின் வகைக்கெழு அதன் சாய்வு. அது எங்கும் ஒன்றே.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

முதல் இரண்டு வாரம் நுண்கணிதப் புத்தகத்தை வகுப்பு நேரத்தில் மட்டும் திறவுங்கள். வீட்டில் இயற்கணிதம் மட்டும். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புத் தமிழ் வழிக் கணிதப் புத்தகங்களைத் தெருவில் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேண்டியவை சிலதான்: கூட்டலின் வர்க்கமும் கழித்தலின் வர்க்கமும், அடைப்புக்குறிக்கு வெளியே மைனஸ் இருந்தால் உள்ளே எல்லாக் குறியும் மாறுவது, பின்னங்களைக் கூட்டுவது, அடுக்கு விதிகள், ஒரு மாறியுள்ள சமன்பாடு, காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடு. இவற்றுள் அடுக்கு விதிகளுக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கொடுங்கள். 5/ப என்பதும் 5ப⁻¹ என்பதும் ஒன்று, வர்க்கமூலம் என்பது அடுக்கு அரை. இந்த இரண்டும் கையில் வந்துவிட்டால் வகையீட்டுக் கணக்குகளில் பெரும்பகுதி, அடுக்கால் பெருக்கி அடுக்கில் ஒன்றைக் குறைக்கும் வகையீட்டின் ஒரே அடுக்கு விதிக்குள் அடங்கும். தினம் முக்கால் மணி நேரம், பதினைந்து கணக்கு. சலிப்பாக இருக்கும். இருந்தாலும் இதைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் வாரம் தொடங்கி, பதினோராம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடநூலின் ஐந்தாம், ஆறாம் பாடங்களை எடுங்கள். வகை நுண்கணிதமும் வகையீட்டின் பயன்பாடுகளும் அங்கே தமிழில் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கல்லூரியில் கிட்டத்தட்ட இதே பகுதியைத்தான் ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். முதல்நாள் இரவு தமிழில் படித்துவிட்டு மறுநாள் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், வேகம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். அடுக்கு விதி, பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி என்ற வரிசையில் போங்கள். சங்கிலி விதிக்கு நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். மடக்கையும் அடுக்குக்குறிச் சார்பும் ஆளுக்கு ஒரு வரிதான். முக்கோணவியல் சார்புகள் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லையென்றால் அந்தப் பக்கங்களைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

தீர்த்த கணக்கை மனப்பாடம் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். உழைப்பு உண்மையானது, செலவிட்ட இடம்தான் தவறு. இப்படிச் செய்யுங்கள். தீர்த்த கணக்கை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் எழுதுங்கள். எங்கே நிற்கிறதோ, திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். அந்த வரிதான் உங்களுக்குத் தெரியாதது. அதைத் தனி நோட்டில் தேதியோடு குறியுங்கள். மறுநாள் அதே கணக்கை எண்ணை மாற்றி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தேர்வில் அவர்கள் எண்ணை மாற்றுமுன் நீங்கள் மாற்றிவிட வேண்டும். 49, 51 போட்டுப் பார்த்தோமே, அதுபோல ஒவ்வொரு பெருமக் கணக்கையும் இரு பக்கமும் சோதியுங்கள். கணக்கைப் படம் எடுத்தால் விடை தரும் செயலிகள் கைப்பேசியில் இருக்கின்றன. எழுதி முடித்த பிறகு சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். முன்னால் திறந்தால், பயிற்சி கைப்பேசிக்குத்தான் போகும்.

நான்காவது கணக்கு, நீங்கள் தொடாமல் விட்டது, என்னை அதிகம் உறுத்தியது. ஆங்கிலப் பத்தியைக் கண்டவுடன் பக்கத்தைத் திருப்பிவிட்டீர்கள். அந்தப் பத்தியில் வந்த சொற்கள் இருபதுக்கு மேல் இருக்காது, ஆண்டுதோறும் அவையேதான் வருகின்றன. டெரிவேட்டிவ் என்றால் வகைக்கெழு, டிமாண்ட் ஃபங்ஷன் என்றால் தேவைச் சார்பு, அவுட்புட் என்றால் உற்பத்தி அளவு, மாக்ஸிமைஸ் என்றால் பெருமம் காண்பது, ஃபிக்ஸட் காஸ்ட் என்றால் மாறாச் செலவு, எலாஸ்டிசிட்டி என்றால் நெகிழ்ச்சி. ஐந்து ஆண்டுப் பழைய வினாத்தாள்களை எடுத்து, தெரியாத சொல்லையெல்லாம் இரண்டு நெடுவரிசை போட்டு எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு உரைநடைக் கணக்கையும் தீர்க்காமல், தமிழில் இரண்டே வரியாகச் சுருக்கி எழுதிப் பழகுங்கள்: எது கொடுத்திருக்கிறார்கள், எது கேட்கிறார்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலும் வீணில்லை.

நெகிழ்ச்சியை மேலே விட்டுவிட்டேன். நம் மாவுக் கணக்கில் 40 ரூபாய் விலையில் தேவை நெகிழ்ச்சி 4. அதாவது விலையை ஒரு சதவீதம் இறக்கினால் விற்பனை ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடும். குறி எதிராக வரும், அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எப்படி வந்தது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். தேவைச் சார்பைத் திருப்பி, பவை விலையின் சார்பாக எழுதுவதில் தொடங்க வேண்டும்.

வகுப்பு வேகமாகப் போகிறது என்றால் ஆசிரியையிடம் போய் ‘புரியவில்லை’ என்று சொல்லாதீர்கள். அதற்கு அவரால் பாடம் முழுவதையும் திரும்பச் சொல்வதைத் தவிர வேறு எதுவும் செய்ய இயலாது. உங்கள் நோட்டைத் திறந்து, ‘மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி எப்படி வந்தது?’ என்று விரல் வைத்துக் கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும் கேள்விக்கு மறுப்புச் சொல்லும் ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

சி.ஏ. ஆசையைப் பற்றி. சி.ஏ. பவுண்டேஷன் தேர்வின் மூன்றாம் தாளில் வணிகக் கணிதம் இருக்கிறது. அதில் முக்கோணவியல் நீங்கலாக அடிப்படை வகையீடும் தொகையீடும் உண்டு. கொள்குறி வினாக்கள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள். ஆகவே வேறு படிப்புக்கு மாறினாலும், பவுண்டேஷன் எழுதுவதானால் இந்தப் பாடம் அந்தக் கதவருகே உங்களுக்காகக் காத்திருக்கும். கல்லூரியில் ஆசிரியர் அருகில் இருக்கும்போதே படித்துக்கொள்வது எளிது. ஆடிட்டர் அலுவலகத்தில் தினமும் யாரும் வகையிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் இந்த ஆர்டரைக் கூடுதலாக ஏற்கலாமா, இன்னோர் ஆள் வைக்கலாமா என்று ஒரு தொழில் செய்பவர் கேட்கும்போது, சராசரியைப் பார்த்துப் பதில் சொல்பவருக்கும் அடுத்த ஒன்றைப் பார்த்துப் பதில் சொல்பவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நீங்கள் இரண்டாமவராக வேண்டும்.

பத்து வாரம் போதுமா? நான் சொன்னபடி செய்தால் தேர்ச்சிக்குப் போதும் என்றே நம்புகிறேன். ஒருவேளை அரியர் விழுந்தாலும் படிப்பு முடிந்துவிடாது, மறுபடி எழுதலாம். அம்மாவிடம் 11 மதிப்பெண்ணை மறைத்திருந்தால் சொல்லிவிடுங்கள். கூடவே, ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து உண்மையான செலவுகளைக் கேட்டு எழுதுங்கள். நான் போட்ட எண்களைவிட அவை நல்ல கணக்காக இருக்கும்.

இன்றிரவுக்கு ஒரு கணக்கு. வீட்டு உரிமையாளர் வாடகையை ஏற்றியதால், நாளுக்கு 200 ரூபாயாக இருந்த மாறாச் செலவு 300 ஆகிவிட்டது. மற்ற எல்லாம் பழையபடியே. லாபம் பெருமமாக இருக்க அம்மா இப்போது எத்தனை பாக்கெட் போட வேண்டும், விலையை ஏற்ற வேண்டுமா? ஒரு தாளில் போட்டுப் பார்த்து, விடையோடு காரணத்தையும் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதி அனுப்புங்கள்.